கணக்கில் வராதவர்கள்

ஆடு புலி ஆட்டத்துக்கு முதன்முதலில் கட்டம் கீறியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம்; ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஆனால் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால், புலி நகர இடமில்லாமல் அடைபட்டுப் போகும். பெயர் தெரியாத அந்த மனிதனை ஒரு தர்மவான் என்றே நான் நினைக்கிறேன். உலகில் பலம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை அவன் மறைக்கவில்லை. அதே சமயம், ஆட்டுக்கு ஜெயிக்க வழியே இல்லை என்றும் அவன் விதி செய்யவில்லை.

அவன் செய்த காரியம் இன்று சம்பளத்துக்குச் செய்யும் தொழிலாகிவிட்டது. கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளை வகுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் என்னோடு பேசுகிற பையன்களில் இரண்டொருவருக்கு அந்த வேலைமேல் ஆசை. அவர்களைப் பெற்றவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. துறைமுகத்திலும் ஆலையிலும் உடம்பைத் தேய்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

சோறு போடும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. சிட் மையர் என்பவர் கடைகளில் காசு வாங்கும் இயந்திரங்களுக்கான வேலையில் இருந்தவர். 1982-இல் ஒரு கூட்டாளியுடன் மைக்ரோப்ரோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1991-இல் புரூஸ் ஷெல்லியுடன் சேர்ந்து 'சிவிலைசேஷன்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். கி.மு. 4000-இல் ஒரு கூட்டத்தைக் குடியேற்றி, ஊர் கட்டி, வரி போட்டு, படை திரட்டி, விண்வெளி வரை கொண்டுபோக வேண்டும். பல தேசத்து மக்கள் தூக்கம் கெட்டு ஆடினார்கள். அதன் புதிய பதிப்புகள் இன்றும் வருகின்றன.

என் கேள்வி வேறு. இந்தத் தொழிலில் பாவம் எங்கே இருக்கிறது?

யுத்தத்தை விளையாட்டாக்குவதுதான் பாவம் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதுரங்கமும் யுத்தம்தான், அது யாரையும் கொலைகாரனாக்கியதாகத் தெரியவில்லை. எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட, எதற்கு விலை போடாமல் விட்டார்கள் என்று பார்ப்பதே சரி. 1994-இல் அதே கம்பெனி 'கலனைசேஷன்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறும் கதை. கரும்பு விளையும், பருத்தி விளையும், புகையிலை விளையும்; அடிமைகள் மட்டும் கிடையாது. அந்தக் கரும்பையும் பருத்தியையும் சரித்திரத்தில் விளைவித்தவர்கள் யார்? ஆடுகிறவன் மனம் நோகக் கூடாது என்று விட்டிருக்கலாம். ஆனால் மனம் நோகாத அந்த ஆட்டத்தில், செல்வம் யாருடைய முதுகையும் உரிக்காமல் தானாகவே விளைந்துவிடுகிறது. இதற்கு மாறாக, 1991-இல் வந்த ஆட்டத்தில் ஆலைகளைப் பெருக்கினால் சுற்றியுள்ள நிலம் அசுத்தமாகும். மிஞ்சிப்போனால் பூமியே சூடாகி விளைநிலம் கெட்டுப்போகும். அங்கே விலை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே பட்டறையில் வந்த சரக்குதான்.

"வெறும் விளையாட்டு, இதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். வடசென்னையில் இருப்பவனுக்கு இதற்குப் பதில் கடற்கரையிலேயே கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையில் அலை வருஷம் முழுதும் மணலைத் தள்ளுகிறது. மொத்தத்தில் அது போவது தெற்கிலிருந்து வடக்கே. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. வீடுகளும் கட்டுமரம் ஏற்றும் இடமும் போயின. இன்று அங்கே பாறாங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்தவர்கள் கொடியவர்கள் அல்ல. கப்பல் கணக்கில் இருந்தது, கல் கணக்கில் இருந்தது. குப்பத்து மனிதன் கணக்கில் இல்லை. எண்ணூரிலும் அதே கதைதான். மின்சாரம் ஊருக்கெல்லாம் போயிற்று. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் தங்கிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியபோது, வலையை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றவன் யாருடைய ஆட்டத்திலும் ஒரு காயாகக்கூட இல்லை.

மேலேயிருந்து பார்ப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மேலேயிருந்து பார்க்காமல் துறைமுகம் கட்ட முடியாது, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முடியாது. ஆனால் மேலேயிருந்து பார்க்கிற பழக்கத்தை இப்போது சிறுவயதிலேயே விளையாட்டாகக் கற்றுக்கொள்கிறார்கள். எது கட்டத்தில் தெரிகிறதோ அதுதான் உலகம் என்று கை பழகிவிடுகிறது. பழகிய கை நாளைக்கு நிஜமான வரைபடத்தின் மேல் நகரும்.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் தம்பிக்கு நான் சொல்வது இது: தாராளமாகப் போ. துறைமுகம் கட்டும் ஆட்டம் ஒன்று செய். சுவர் எழுப்பியவனுக்குச் சுங்க வருமானம் கொடு. வடக்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டம் கரையைக் குறை. "இது ரசிக்காது, எடுத்துவிடு" என்று முதலாளி சொல்லக்கூடும். அவர் சொல்வதில் உண்மையும் இருக்கலாம். உபதேசத்தைக் காசு கொடுத்து யாரும் ஆடமாட்டார்கள். விலையை மறைக்காமலும் ஆட்டத்தைச் சுவையாக்குவதுதான் உன் கைத்திறமைக்குச் சோதனை. அது முடியாத காரியமல்ல. திண்ணையில் கரிக்கோடு கிழித்து, பதினைந்து புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, நம்மவன் ஒருவன் அதைச் செய்திருக்கிறான்.