அயலார் ஆலயத்துள்

“எல்லா மதங்களும் கூறுவது ஒன்றே” என்னும் வாசகம் நம்மிடையே அடிக்கடி ஒலிப்பதுண்டு. கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயின், பிற மதத்தாரின் வழிபாட்டிடத்துள் ஒருமுறையேனும் அடிவைக்காமலே அதனைக் கூறிவிட முடிகிறது என்பதே அதன் குறைபாடு. உலக மதங்களை அறிய விழைபவன் நூல்களோடு நின்றுவிடலாகுமா? ஆலயத்துள் நுழைந்தானாயின், அங்கு அவன் யார்? பார்வையாளனா, வழிபடுவோனா?

பேராதனையிற் பயில்வோர்க்கு இதனை ஆராயும் வாய்ப்பு அருகிலேயே உண்டு. கண்டித் தலதா மாளிகைக்கு வெண்ணிற ஆடையணிந்து மலரேந்திச் செல்லும் மக்களோடு நானும் சென்றேன். சைவச் சூழலில் வளர்ந்த எனக்கு மலர் என்பது இறைவனுக்குச் சாத்தப்பெற்றுப் பின் அருட்பிரசாதமாக நம்மிடமே மீள்வது. பௌத்தருக்கோ அம்மலரின் வாட்டமே போதனை. இம்மலர்போல் இவ்வுடலும் அழியும் என நினைந்தே அவர்கள் அதனைப் படைக்கின்றனர். மலர் ஒன்றே, கருத்து வேறு. பள்ளிவாசலிலோ மலருமில்லை, உருவமுமில்லை. மக்காவின் திசைநோக்கித் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் அணிகளே உண்டு. அதனை வெறுமை என முதலில் நான் எண்ணியது என் அறியாமையே. உருவத்துள் அடங்காதவனை உருவமின்றி வணங்குதலே அவர்தம் வழிபாட்டின் நிறைவாகும்.

கத்தோலிக்க நண்பரொருவரோடு ஞாயிறு திருப்பலிக்குச் சென்றபோதுதான் என் வினா கூர்மை பெற்றது. நற்கருணை பெற மக்கள் எழுந்து வரிசையாகச் சென்றனர். நானும் எழுவதா, அமர்ந்திருப்பதா? எழுந்தால் அது நட்பின் அடையாளமாகலாம். ஆயின், அவர்கள் கிறிஸ்துவின் உடலெனக் கொள்வதை நான் வெறும் அப்பமென உண்பது மரியாதையாகுமா? அமர்ந்தே இருந்தேன்.

அக்கணம் முதலாம் வருடத்து நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. குறிஞ்சிக்குமரன் ஆலயத்துக்கு என்னோடு வந்த முஸ்லிம் நண்பர், நான் நீட்டிய திருநீற்றைப் புன்னகையோடு மறுத்துவிட்டார். அதனை அவமதிப்பெனக் கொண்டு பல நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்தேன். தம் நம்பிக்கையையும் என் திருநீற்றையும் ஒருசேர மதித்தமையாலேயே அவர் மறுத்தார் என்பது, தேவாலயத்து மரவாங்கில் அமர்ந்திருந்த வேளையிலேதான் எனக்குப் புலனாயிற்று. அவரைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்டேன்.

எனவே, அயலார் ஆலயத்துள் நுழைபவன் பார்வையாளனுமல்லன், வழிபடுவோனுமல்லன்; விருந்தினன். விருந்தினன் வீட்டாரை எள்ளுவதுமில்லை. வீட்டுக்குரியவனாகத் தன்னைப் பாவனை செய்வதுமில்லை.

1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் மும்மொழிக் கல்வெட்டு இங்கு எண்ணத்தக்கது. சீனமொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளை அது கூறுகின்றது. அதன் பின்னணியில் அரசியல் நோக்கம் இருந்திருக்கலாம். எனினும், மூவரும் ஒருவரே என அக்கல் வாதிடவில்லை. ஒவ்வொருவர்க்கும் உரிய மரியாதையைத் தனித்தனியே செலுத்தியது.

1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 1995இல் நவாலித் தேவாலயம், 1998இல் தலதா மாளிகை, 2019இல் உயிர்த்த ஞாயிறன்று மீண்டும் தேவாலயங்கள் எனத் தொழுமிடங்களிலேயே குருதி சிந்திய நாடு நமது. ‘எல்லாம் ஒன்றே’ என்ற வாசகம் இவற்றுள் ஒன்றையேனும் தடுத்ததில்லை. வேறுபாட்டை மறைப்பதன்று, அதனைக் கண்ணாரக் கண்டபின்னும் அயலானை அயலானாகவே மதிக்கப் பழகுவதே இன்று வேண்டற்பாலது. அப்பழக்கத்தை நூலகத்தில் மட்டும் இருந்து பெறுதல் அரிது.