ஏதோ இருக்கிறேன்

'உடம்பு எப்படி இருக்கிறது?' என்பது நம்மிடையே நலம் அறியும் கேள்வியா, வெறும் வழக்கமா என்று சொல்வது கடினம். கோலியனூர் கூட்டுரோட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் முதிய தாய் ஒருவரிடம் கேட்டால், 'ஏதோ இருக்கேன்' என்பார். நலமாக இருந்தாலும் அவ்வாறே சொல்வார். கண்ணேறு பட்டுவிடுமோ என்னும் அச்சம் உண்டல்லவா? நோயுற்றிருந்தாலும் அதையே சொல்வார். வழியில் கண்டவரிடம் குறை சொல்லிக்கொண்டிருப்பது பண்பன்று. அருகில் மருமகள் நின்றால், அந்தக் கேள்விக்கே வேறு பொருள் வந்துவிடும்.

இத்தகைய விடைகளையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்க வேண்டிய கடமை சிலருக்கு இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2004, 2014, 2017–18 ஆகிய ஆண்டுகளில் நடத்திய உடல்நல ஆய்வுகளில், 60 வயது நிரம்பியோரிடம் தம் உடல்நிலையைப் பற்றி அவர்களே என்ன கருதுகிறார்கள் என்று கேட்டது. மிக நன்று, நன்று அல்லது சுமார், மோசம் என மூன்றே விடைகள். சென்ற ஆண்டைவிட இப்போது எப்படி என்பது அடுத்த கேள்வி.

மருத்துவர் நாடி பிடித்துப் பாராத விடைக்கு என்ன மதிப்பு என்று நாம் கேட்கலாம். மதிப்பு உண்டு. எல்லன் ஐட்லர், யாயேல் பென்யமினி என்னும் இரு அறிஞர்கள் 27 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 1997-இல் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். தம் உடல்நிலை மோசம் என்றவர்கள், அவர்களுக்கிருந்த நோய்களைக் கணக்கில் கொண்ட பின்னும், மற்றவர்களைவிட விரைவில் இறந்ததை அவற்றுள் பெரும்பாலானவை காட்டின. உடலுக்கு உரியவர் அறிந்த ஏதோ ஒன்று கருவிக்குத் தப்பிவிடுகிறது. ஆகவே அவர் சொல்லை நாம் தள்ளிவிடலாகாது.

ஆனால் அந்தச் சொல்லோடு நின்றுவிடலாமா? 1943-இன் வங்கப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சுமார் என்றோ கூறினர். கணவரை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியவர் 2.5 விழுக்காடு மட்டுமே! அக்காலத்துக் கைம்பெண் எப்படி உண்டாள், எப்படி வாழ்ந்தாள் என்பதை அறிந்த எவரும் அவளே அதிக நலத்தோடு இருந்தாள் என நம்பமாட்டார். இந்தக் கணக்கைப் பலமுறை நினைவூட்டிய அமர்த்தியா சென், 2002-இல் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற கேரளத்தார்தாம் தமக்கு நோய் என்று மிகுதியாகச் சொல்கின்றனர். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு. கல்வியும் மருத்துவமனையும் எட்டிய இடத்தில்தான் வலிக்குப் பெயர் கிடைக்கிறது.

அப்படியானால், நம் ஊர்களில் 'நலம்' என்போர் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் வருந்த வேண்டுமா? அந்தக் குறைவில் ஒரு பகுதி வாய் திறந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பதே நம் கருத்து. நடவிலும் களையெடுப்பிலும் முதுகு வளைந்த ஒரு பெண் முறையிடாதிருப்பதை நாம் பொறுமை என்று போற்றிவந்தோம். பொறுமை ஒரு நற்பண்புதான். எனினும் சொல்வதற்கு இடமில்லாமையும் வெளித்தோற்றத்தில் பொறுமையாகவே தெரியும். அவற்றை ஒன்றாக்கிப் பேசுவது, கேட்க வேண்டியவர்களுக்கு மிகவும் வசதியானது.

பெத்சதா குளத்தருகே, 38 ஆண்டுகளாய் நோயுற்றுப் படுத்திருந்தவரிடம், நலம்பெற விருப்பமா என்று இயேசு வினவுகிறார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் விடை கூறவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறார். எந்தக் கட்டத்திலும் அடங்காத விடை அது. அதற்கும் செவிகொடுக்கப்பட்டது.

ஒரே ஒருமுறை கேட்பதால் தெளிவு பிறப்பதில்லை. மேற்சொன்ன மாதிரி ஆய்வுகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மனிதரைச் சந்தித்தன. 2017–18-இல் தொடங்கிய இந்திய முதுமை நெடுங்கால ஆய்வோ, 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோரைத் தேர்ந்து, அவர்களையே மீண்டும் காணும்படி அமைக்கப்பட்டது. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. 60 வயதில் தன் இளமையோடு ஒப்பிட்டு 'முடியவில்லை' என்றவர், 75-இல் போய்ச் சேர்ந்த தோழியரை எண்ணி, 'நான் நடமாடுகிறேனே' என்பார். முழங்கால் அதேதான், அளவுகோல் மாறிவிட்டது.

2021 ஆகஸ்டு முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று திண்ணையில் அமர்ந்தபடி கை நீட்டும் பாட்டி, கருவி காட்டிய எண்ணைக் கேட்டபின் சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, 'கொஞ்ச நாளாத் தலை சுத்துதும்மா' என்று தொடங்குவார். அடுத்த கணக்கெடுப்பில் அவர் 'மோசம்' என்னும் கட்டத்தில் இருக்கக்கூடும்.