உள்ளதை உள்ளபடி சொல்லுதலும் சிவத்தொண்டே

ஆடிச் சுவாதி தினத்தில் சைவ ஆலயங்களில் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் குருபூசை நடைபெறுகின்றது. இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்டவர், தம்பிரான் தோழர் என்றெல்லாம் அடியார்கள் அவரைப் போற்றுவர். அவர் அருளிய திருத்தொண்டத்தொகையை முதலாகக் கொண்டே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைப் பாடினார். அந்த நூலுக்குத் தலைவரும் சுந்தரரே.

அத்தகைய பெரியாரின் வரலாற்றிலே ஒரு கட்டம் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரிவதில்லை எனச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரை மறந்து நெடுநாள் இருக்க இயலாது என்பதை அறிந்த அவர், சத்தியம் செய்யும் வேளையில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் இருக்குமாறு இறைவனையே கேட்டுக்கொண்டார். எம்பெருமானோ, மகிழடியிலேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். சத்தியமும் அங்கேயே நடந்தது. பின்னர் திருவாரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. வழிநெடுகப் பாடி அழுது, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார்.

சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர். இந்தக் கட்டத்தை அவர் விட்டுவிட்டுப் பாடியிருந்தால் ஏன் என்று கேட்பார் எவருமில்லை. ஆயினும் விடவில்லை. பிழையை மறைத்தால், பார்வை மீண்ட திருவருளையும் சேர்த்தே மறைக்க வேண்டியிருக்கும். பிழையைக் கேட்டறிந்த பின்னும் சுந்தரர் மீதுள்ள பக்தி எந்த அடியாருக்கும் குறையவில்லை என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்த அளவுகோலைச் சொந்த ஊரின் வரலாற்றுக்கும் வைத்துப் பார்க்கலாம். குண்டசாலை அரச வாசம் பெற்ற ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே தங்கியிருந்தமையால் குண்டசாலை மன்னன் என்றே அழைக்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலப் பெண் அவனது பட்டத்தரசி. அவனுக்குப் பின் அவளது சகோதரன் அரசேறினான். இவ்வாறு தொடங்கிய நாயக்கர் வழியின் கடைசி அரசனே, கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

தமிழர் அவனைக் கடைசித் தமிழ் மன்னன் என்று பெருமையோடு சொல்வர். கண்டி வாவியை அமைத்தவன் அவன். 1815 இல் மெதமகாநுவரவில் பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். இவையெல்லாம் உண்மை. ஆனால் 1814 இல், ஆங்கிலேயரிடம் ஓடிப்போன எகலப்பொல அதிகாரத்தின் குற்றத்துக்காக, அவரது மனைவியையும் பச்சிளம் பிள்ளைகளையும் கொல்லும்படி கட்டளையிட்டவனும் அவனே. இந்தப் பகுதி தமிழ் வீடுகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அண்ணன் அஞ்சி நிற்க, தானே முன்வந்த மத்தும பண்டார என்ற சிறுவனின் கதை அயலிலுள்ள சிங்களப் பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். ஒரே ஊரில் ஒரே பஸ்ஸில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் ஒரே அரசனைப் பற்றி ஆளுக்குப் பாதிக் கதையோடு வளர்கின்றனர்.

மறுபக்கத்திலும் விடுபட்ட பக்கங்கள் உண்டு. கொடுங்கோலை ஒழிக்க வந்ததாகச் சொன்ன ஆங்கிலேயரே 1818 இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்களை எரித்தனர், வயல்களை அழித்தனர். அவர்களுக்கு உதவிய எகலப்பொலவையும் சிறைப்பிடித்து, பின் மொரீசியசுக்கு அனுப்பினர். ஆனால் பிறர் மறைத்ததைச் சுட்டிக்காட்டுமுன் தன் வீட்டில் மறைத்ததை எடுத்து வைப்பதே முறை.

அரசர் கதை போகட்டும். தோட்டக் கதைக்கு வருவோமாயின், மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் மடிந்த மூதாதையரைப் பற்றி மலையகத் தமிழர் கண்ணீரோடு பேசுவர். துரைமாரின் கொடுமையைப் பேசுவர். 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதைப் பேசுவர். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொழிலாளரை ஊரிலிருந்து கடன் கொடுத்து அழைத்து வந்தவர் யார்? கங்காணி. கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாதபடி கட்டி வைத்தது துண்டு முறை. 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. ஆள் கணக்கில் தலைக்காசு வாங்கியவரும் கங்காணியே. அவர் பேசியதும் தமிழ், அவர் பூசியதும் திருநீறு.

மலைநாட்டுத் தோட்டக் கோயில்கள் பலவற்றை முன்னின்று கட்டியவர்கள் பெரிய கங்காணிமாரே. அந்த உபயத்தை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பணத்தில் கூலியாட்களின் வியர்வையும் கடனும் கலந்திருந்ததையும், திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்பதைப் பல தோட்டங்களில் சாதி தீர்மானித்ததையும் மறக்கக் கூடாது. உபயகாரர் பெயர் கல்லில் இருக்கின்றது. கல் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை.

ஆணவ மலம் உண்மையை மறைப்பதோடு நில்லாமல், தான் மறைப்பதையும் மறைத்துவிடும் என்று சைவ சித்தாந்தம் போதிக்கின்றது. குலப்பெருமைக்காக வரலாற்றைக் கத்தரிப்பவருக்கு, தாம் கத்தரிப்பதே தெரியாமல் போவதும் இவ்வாறே.

உண்மையைச் சொல்வது எவரையும் தலைகுனிய வைப்பதற்காக இருக்கக் கூடாது. பாட்டனின் கணக்கு பேரன் தலையில் விழாது. கங்காணி குடும்பத்துப் பிள்ளையும் கொழுந்து பறித்தவரின் பிள்ளையும் இன்று ஒரே தேர் வடத்தைப் பிடிக்கின்றனர். பழையதைத் தெரிந்துகொண்டு பிடிக்கும்போதே அந்த வடம் உறுதியாகும்.

ஆகவே பெரியோர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது வாவி கட்டிய அரசனையும் சொல்லட்டும், கொல்லப்பட்ட குழந்தைகளையும் சொல்லட்டும். கோயில் வரலாறு எழுதுவோர் உபயகாரரோடு கல் சுமந்தவரையும், வெளியே நின்று கும்பிட்டவரையும் எழுதட்டும். தொண்ணூறு வயதைத் தொடும் தாய்மார் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அறிந்ததை இப்போதே கேட்டு எழுதி வைத்தல் நன்று. கண் இழந்ததை மறைக்காமல் பாடிக்கொண்டே நடந்த சுந்தரருக்குப் பார்வை தந்த பெருமான் இவ்வூர் மக்களுக்கும் தெளிவைத் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.