கோடரி கடவுளான மலை

கோடை வந்துவிட்டால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலை மூச்சுத் திணறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஏரியில் படகு, அண்ணா பூங்காவில் மலர், கிளியூரில் அருவி, அந்தி சாயும் வேளையில் பாறை விளிம்பில் நின்று சேலத்து விளக்குகள் — இவ்வளவும் கண்டு, ஒரு பொட்டலம் மிளகும் ஒரு பொட்டலம் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். "ஏற்காட்டைப் பார்த்துவிட்டோம்" என்கிறோம். பார்த்தோம், மறுக்கவில்லை. பார்த்தது எதை?

பழம்பெருமை வாய்ந்த ஊர் என்று ஓர் ஊரைச் சொல்கிறார்களே, அது யாருடைய பழமை? யாருடைய பெருமை? கேளிக்கைக்காக மலையேறுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை என்பார்கள். நாம் கேட்கத்தான் வேண்டும். கேள்வி கேட்காமல் கும்பிடுவது மட்டுமா மூடத்தனம்? கேள்வி கேட்காமல் வேடிக்கை பார்ப்பதும் அதன் உடன்பிறப்பே!

ஏற்காட்டின் வரலாறு என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பது பெரும்பாலும் ஒரே கதை. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அவரே ஏற்காட்டின் தந்தை. பிறகு வெள்ளைத் துரைமார்கள் மாளிகை கட்டினர், தேவாலயம் எழுப்பினர், பள்ளிகள் நிறுவினர். காடு நாடாயிற்று. கதை முடிந்தது!

தந்தை என்றால், அவர் வருமுன் அங்கே இருந்தவர்கள் யார்? பிறவாதவர்களா? காப்பிச் செடி நடப்பட்டபோது காட்டை வெட்டிய கை எது? பழம் பறித்த விரல் எது? மலை விளிம்பில் மூன்று பாறைகள் இருக்கின்றன: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். சீமாட்டிக்கு ஓர் இருக்கை, சீமானுக்கு ஓர் இருக்கை, அவர்தம் செல்வங்களுக்கு ஓர் இருக்கை! மூட்டை முடிச்சுகளைத் தோளில் சுமந்து மலையேறிய கூலிக்கு மட்டும் அந்த மலையில் ஒரு பாறைகூட மிஞ்சவில்லை போலும்.

ஆனால் சீமான்களுக்கு முன்னே, பன்னெடுங்காலத்துக்கு முன்னே, சேர்வராயன் மலையில் மனிதன் இருந்தான். ஓலைச்சுவடியையும் புராணத்தையும் நம்பி இதைச் சொல்லவில்லை. அவன் செய்த கோடரி இருக்கிறது. கைக்கு அடங்கும் கருங்கல். ஒரு முனை குவிந்தும் மறுமுனை பட்டைதீட்டியும் இருக்கும். முதலில் கல்லைக் கல்லால் அடித்துச் செதுக்க வேண்டும். பின்பு புள்ளி புள்ளியாகக் கொத்திச் சமன் செய்ய வேண்டும். அதன் பின் மணலும் நீரும் விட்டுப் பாறையில் நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் கூர் பிறக்கும். புதிய கற்காலம் என்று ஆய்வாளர்கள் குறிக்கும் காலம் அது. இன்றைக்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டில் பயிரிடவும் ஆடுமாடு வளர்க்கவும் கற்றுக்கொண்ட மாந்தரின் கருவி அது. இரும்பு இல்லை, சக்கரம் சுழலும் சாணைக்கல் இல்லை. பொறுமையே சாணை, தோளே எந்திரம்!

அந்தக் கோடரி பின்பு என்ன ஆயிற்று? செய்தவன் மறைந்தான், பயனும் மறந்தது. மண்ணைக் கிளறும்போது கிடைத்த வழவழப்பான கல்லை மலைமக்கள் வியந்து பார்த்தனர். இது தானாக விளைந்த கல் அல்லவே, யார் செய்திருப்பார்? விடை தெரியவில்லை. ஆகவே மரத்தடியில் வைத்தனர், பிள்ளையார் என்றனர், பொட்டிட்டு வணங்கினர். காட்டை வெட்டிய கருவி கடவுளாயிற்று!

சிரிக்கத் தோன்றுகிறதா, தோழர்களே? சற்றுப் பொறுங்கள். ஐரோப்பாவின் உழவர்களும் இதே வகைக் கல்லைக் கண்டபோது, இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்று நம்பினர். வீட்டில் வைத்திருந்தால் இடி தாக்காது என்று சுவரில் செருகி வைத்தனர். வெள்ளைத் தோலுக்குள் பகுத்தறிவு தானாகச் சுரந்துவிடவில்லை. எங்கே உழைப்பின் வரலாறு மறக்கப்படுகிறதோ, அங்கே கடவுள் குடியேறுகிறார்.

அந்தக் கல்லை மனிதன் செய்த கருவி என்று கண்டு சேகரித்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலப்பொதியியல் துறையில் பணியாற்றியவர். 1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அவர் எடுத்த கற்கருவி, இந்நாட்டு மனிதனின் பழமையைப் புராணக் கணக்கிலிருந்து மீட்டு, அறிவியல் கணக்கில் சேர்த்தது. ஓய்வுபெற்ற பின் அவர் வாழ்ந்தது ஏற்காட்டிலேதான். 1912இல் மறைந்தார், ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. படகுத் துறையில் நிற்கும் கூட்டத்தில் நூறில் ஒருவராவது அங்கே போவாரா? ஐயமே!

இங்கே ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் ஒன்றை நினைவூட்ட வேண்டும். சாந்தில்லானா தெல் மார் என்பது அதன் பெயர். கல் பாவிய தெருக்கள், பழைய தேவாலயம், பிரபுக்களின் மாளிகைகள், ஒவ்வொரு வாயிலின் மேலும் கல்லில் செதுக்கிய குலச் சின்னம். இன்ன குடி, இன்ன வழி, இன்ன குருதி என்று சுவரே பறைசாற்றும். பயணிகள் அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். அவ்வூருக்கு அருகிலேயே அல்தமிரா குகை இருக்கிறது. 1879இல் சௌதுவோலா என்பவர் அங்கே தரையைத் தோண்டிக்கொண்டிருக்க, அவருடைய எட்டு வயது மகள் மரியா மேலே பார்த்தாள். குகையின் கூரையிலே காட்டெருமைகள்! பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டுவர் தீட்டிய ஓவியங்கள்.

அன்றைய அறிஞர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? காட்டுமிராண்டிக்கு இவ்வளவு கலையா, இருக்கவே முடியாது, இது ஏமாற்று வேலை என்றனர். சௌதுவோலா பழியோடு 1888இல் இறந்தார். மறுத்தவர்களுள் முதல்வரான கார்த்தய்யாக் 1902இல்தான் தம் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். இடிக்கல் என்று நம்பிய உழவனைவிட இவர்கள் எவ்வகையில் உயர்ந்தவர்கள்? உழவன், கல்லைச் செய்தவனை மறந்தான். அறிஞர்களோ, செய்தவன் கண்முன் நின்றபோதும் அவனால் முடியாது என்றனர். அந்தக் குகைக் கூரையில் குலச் சின்னம் ஏதுமில்லை. அதனால்தானோ என்னவோ, ஐயம் அவ்வளவு எளிதாக வந்துவிட்டது!

மீண்டும் நம் மலைக்கு வருவோம். இங்கே பகுத்தறிவாளருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் பேசிவிடுவோம். ஃபூட் சேகரித்த தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. பாதுகாப்பாக இருக்கிறது, மகிழ்ச்சி. அறிவு அதைக் காத்தது. ஆனால் அந்த அறிவு சென்னைக்குப் போய்விட்டது. மலையில் மிஞ்சியவை மரத்தடியில் பொட்டிட்டு வைத்தவை. அறிவு எடுத்துச் சென்றதை மூடநம்பிக்கை வைத்துக் காத்தது என்று எவரேனும் நம்மைப் பார்த்துக் கேட்டால், என்ன சொல்வோம்?

பீடத்திலிருந்து பிடுங்கி எறிவதா வழி? அன்று. அது அறிவல்ல, அடாவடி. அப்படியே விட்டுவிடுவதா? அதுவும் அன்று. மலைமக்களை மூடர் என்று ஏசிவிட்டு, விளக்கிச் சொல்ல ஒரு நாளும் ஒருவரும் மலையேறாதது யார் குற்றம்?

இன்னொன்றும் உண்டு. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் தம்மை மலையாளி என்று சொல்கின்றனர். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர். பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் வழியினர் தாம் என்பது அவர்கள் வாய்வழிக் கதை. ஆகவே, "கோடரி செய்தவன் இவர்கள் பாட்டன் அல்லனே, இவர்களுக்கு என்ன உரிமை?" என்று கணக்குப் பேசுவோர் தோன்றலாம். குருதிவழிச் சொத்தாக மரபைக் கருதுவோரின் கணக்கு அது. சாந்தில்லானாவின் வாயிற்படிக் கணக்கு! அந்தக் கணக்கில்தானே இந்நாட்டில் ஒரு கூட்டம் கற்றது, மறு கூட்டம் கைகட்டி நின்றது? கல்லைத் தேய்த்தவனுக்குக் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. அவன் விட்டுச் சென்ற தொழிலறிவு, அதைக் கற்க விரும்பும் எவருக்கும் உரியது. அந்த மண்ணில் இன்று ஏர் பூட்டுவோர்க்கு முதலில் உரியது.

ஏற்காடு, சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. கோடை விழாவில் பூக்களால் பலவகை உருவங்கள் அமைத்து அழகு காட்டுகின்றனர். அந்தப் பந்தலில் ஓர் ஓரத்தில், ஒரு மேசை போட இடமிராதா? மேசைமேல் ஒரு கற்கோடரி. பக்கத்தில் மலையூர்ப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி. வருவோர் கையில் அதைக் கொடுத்து, இது எந்தப் பாறை, எத்தனை நாள் தேய்த்திருப்பார்கள், எந்தப் பக்கம் பிடி, எந்தப் பக்கம் கூர் என்று அவள் சொல்லட்டும்.