பலவீனமும் பலவீனமாக்கப்பட்டவர்களும்

முதுமை என்றதும் மதங்கள் முதலில் பேசுவது பொறுமையைப் பற்றித்தான். வயசானா உடம்பு தளரும், ஏத்துக்க, இறைவனை நினை என்கின்றன. இதில் தப்பில்லை. ஆனால் நாற்று நட்டு நட்டு ஐம்பது வயசிலேயே இடுப்பு விட்டுப்போன ஒரு கூலிக்காரியிடம் இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி வருகிறது: அவள் தளர்ந்தாளா, தளர்த்தப்பட்டாளா? இந்தக் கேள்வியை இஸ்லாத்தின் முன் வைத்துப் பார்க்கலாம்.

குர்ஆனின் 30ஆவது அத்தியாயம் மனித வாழ்வை இப்படிச் சொல்கிறது: பலவீனத்தில் தொடக்கம், பிறகு பலம், மறுபடி பலவீனமும் நரையும். பலம் நடுவில் வந்து போகிற சமாச்சாரம். அறிந்ததெல்லாம் மறந்துபோகும் தள்ளாத வயசைப் பற்றியும் குர்ஆன் பேசுகிறது. தன் எலும்பு தளர்ந்துவிட்டதை, தலை நரைத்துவிட்டதை ஜக்கரிய்யா நபி இறைவனிடம் கூச்சமில்லாமல் சொல்கிறார். போன ஜென்மத்துப் பாவம் என்று நம் உடம்பின் மேல் ஏற்றி வைத்தார்களே ஒரு குற்றச்சாட்டு, அது இங்கே கிடையாது. தளர்ச்சி இங்கே தண்டனை ஆகவில்லை.

சட்டமும் தளர்ச்சிக்கு வளைந்து கொடுக்கிறது. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தபடி தொழலாம். நோன்பு பிடிக்க முடியாத முதியவர் நாளுக்கு ஓர் ஏழைக்குச் சோறு போட்டால் போதும். தொழுகை நடத்துகிறவர் அதை நீட்டக் கூடாது, பின்னால் பலவீனரும் முதியவரும் நிற்கிறார்கள் என்று நபி அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு. எல்லோரும் போக வேண்டிய வேகத்தை அங்கே முடிவு செய்பவர் முடியாதவர்தான்.

இதுவரை சொன்னது காலம் தருகிற பலவீனம். மனுஷன் மனுஷனுக்குச் செய்கிற பலவீனம் ஒன்று இருக்கிறதே, அது?

அரபியில் பலவீனர் 'ளயீஃப்'. அதே வேரிலிருந்து வருகிற இன்னொரு சொல் 'முஸ்தள்அஃப்'. பலவீனமாக்கப்பட்டவர், ஒடுக்கப்பட்டவர் என்று பொருள். பிர்அவ்ன் தன் நாட்டு மக்களைப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பலவீனப்படுத்தி வைத்திருந்ததை 28ஆவது அத்தியாயம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகளுக்காக ஏன் போராடாமல் இருக்கிறீர்கள் என்று 4ஆவது அத்தியாயம் கேட்கிறது. 'தலித்' என்றால் நொறுக்கப்பட்டவர் என்று நாம் சொல்லும்போதும் நொறுக்கியவன் யார் என்ற கேள்வி கூடவே வருகிறது. இந்தப் பலவீனத்துக்குப் பணிவிடை மட்டும் மருந்தாகாது. கணக்குக் கேட்க வேண்டும்.

உழைப்பாளியின் முதுமையில் இந்த இரண்டு பலவீனமும் பின்னிக் கிடக்கின்றன. கலீஃபா உமரைப் பற்றி அபூயூசுஃப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்யும் சம்பவம் ஒன்று. அபூயூசுஃப் 798இல் இறந்தவர். கண் தெரியாத ஒரு முதியவர் பிச்சை கேட்கிறார். அவர் யூதர். ஏன் இந்த நிலை என்று உமர் விசாரிக்கிறார். ஜிஸ்யா வரி, வறுமை, வயசு என்று பதில் வருகிறது. உமர் அவரைக் கைபிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கொடுக்கிறார். அதோடு நிற்கவில்லை. இவருடைய வாலிபத்தைத் தின்றுவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம் என்று சொல்லி, அவருக்கும் அவர் போன்றவர்களுக்கும் வரியை நீக்கி, பொதுக் கருவூலத்திலிருந்து கொடுக்கச் செய்கிறார். ஜிஸ்யாவுக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. அந்த வரியும் அவரை ஒடித்த காரணங்களில் ஒன்று என்பது அந்தப் பதிவிலேயே இருக்கிறது. வாங்கிய அரசு தான் பட்ட கடனை ஒத்துக்கொள்கிறது என்பதுதான் விஷயம்.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்துத் தலித் மக்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். அன்று முப்பது வயசாயிருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். சாதிக்கு முன்னால் கூன மாட்டோம், தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்போம் என்று போனவர்கள். சாதிக்குக் கூனுவது வேறு, வயசுக்குக் கூனுவது வேறு. இரண்டாவது கூனில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முதுகைத் தாங்கப்போவது யார்?

பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று ஜும்ஆ மேடைகளில் பேசுகிறார்கள். சரி, மகனும் தினக்கூலின்னா? செல்வத்தில் கேட்பவருக்கும் கதியற்றவருக்கும் உரிமை உண்டு என்றுதானே குர்ஆன் சொல்கிறது? உரிமை என்றால் வாசலில் நின்று கையேந்த வைக்கக் கூடாது. இது ஜமாஅத்துக்கான கேள்வி. அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய், தகுதி வயது 65. 2011இல்தான் அந்த வயது 60 ஆனது. ஐம்பதிலேயே ஒடிந்துபோன உடம்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கூலிக்காரியின் முதுமைக்கு இரக்கப்படுகிறவர்கள் இரக்கப்படட்டும். அவள் வாலிபத்தைத் தின்றவர்கள் யார் யார் என்ற பட்டியலையும் நாம சேர்த்தே எழுதணும்.