ஏரிக்குள் இருப்பவர்கள்

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வழி தெரியாமல் தெருக்களில் நின்றது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் புகுந்தது. மெஷின்களின் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்த சிறு பட்டறைக்காரருக்கு அந்த மாதம் வேலையே ஓடவில்லை. அதற்குப் பிறகு ஒரு கோரிக்கை சூடுபிடித்தது: ஏரிக்குள் வீடு கட்டியிருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு 2007-இலேயே தனிச்சட்டம் இயற்றிவிட்டது. பருவநிலை மாற்றத்துக்கென்று நாட்டில் தனிச்சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் கானமயில் பாதுகாப்பு தொடர்பான ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆம் பிரிவுகளிலேயே அடங்கியிருக்கிறது என்றது. சிக்கலும் இங்கேதான். கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் இந்த உரிமையைக் காட்டி ஏரியைக் காலி செய்யச் சொல்லலாம். ஏரிக்குள் இருப்பவரும் இதே உரிமையைக் காட்டி, என்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளப் போகிறீர்கள் என்று கேட்கலாம்.

அவர் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அரசு அலுவலகம் கொடுத்தது. தேர்தலுக்கு முன் தெருவிளக்கும் வந்திருக்கும். இருபது வருடம் வரி வாங்கிவிட்டு இருபத்தொன்றாம் வருடம் ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் ஒட்டுபவர், தமக்கு இதில் பங்கே இல்லை என்று கைகழுவ முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து முகப்பேரில் வீட்டுவசதி வாரியமே ஏரி நிலத்தை மனை பிரித்து விற்றது. ஏரி ஸ்கீம் என்று பஸ் நிறுத்தத்துக்கே பெயர். அங்கே வீடு வாங்கியவர் பட்டாதாரர்; இங்கே குடிசை போட்டவர் குற்றவாளி. ஏரி நீரைத் தேக்கும் இடத்தைப் பறிகொடுத்தது இரண்டிலும்தான். அதற்காக முகப்பேரை இடிக்கச் சொல்வது வெறும் வாய்ச்சவடால். யாரும் இடிக்கப் போவதில்லை. நம்பிக் காசு கொடுத்தவர்களை இடித்துத் தள்ளுவது நியாயமும் அல்ல.

பெரியவரைத் தொடாமல் ஏழையைத் தொடாதே என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மழை அதுவரை காத்திருக்காது. கீழ்த்தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரும் ஏழைதான். உபரிநீர்க் கால்வாயை அடைத்து நிற்கும் வீடு, யாருடையதாக இருந்தாலும், போயே ஆக வேண்டும். ஏரியின் வறண்ட ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கு அதே அவசரம் கிடையாது. இரண்டையும் ஒரே சர்வே எண்ணில் போட்டு ஒரே நாளில் இடிப்பது சோம்பேறித்தனம்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் அரசின் நேர்மை தெரியும். கூவக் கரையிலிருந்து எடுக்கப்பட்ட பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய இடம். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, நகரத்தின் மறுகோடியில் இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் குடியேற்றம். அம்பத்தூர் பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் அங்கிருந்து காலை ஷிப்டுக்கு எப்படி வந்து சேர்வார்?

சென்னை மாநகராட்சி 2023-இல் காலநிலை செயல்திட்டம் வெளியிட்டது. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர் அதற்குள் வருகிறது; 2019-இல் தனி மாநகராட்சியான ஆவடி வராது. மழைக்கு இந்த மாநகராட்சி எல்லை தெரியாது என்பது ஒருபுறம். மறுபுறம், ஏரியை விற்றுப் பணம் பார்த்தது வாரியம், வரி பார்த்தது உள்ளாட்சி. ஆகவே எடுக்கப்படும் குடும்பத்துக்கு அதே பஸ் ரூட்டில், அம்பத்தூரிலோ ஆவடியிலோ, வீடு கொடுக்கும் செலவும் அவர்கள் கணக்கில்தான் சேர வேண்டும். ஜேசிபி வருவதற்கு முன்பே அந்த வீட்டுச் சாவி அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்திருக்க வேண்டும்.