நோயின் பழி யாருக்கு?

புற்றுநோய் கண்டவரை நோக்கி, "இது முன்வினைப் பயன்" என்று கூறுவோர் இன்றும் உளர். தாராவியிலாயினும் செம்பூரிலாயினும், இச்சொல்லுக்கு அஞ்சும் ஒருவர் நோயை மறைப்பார். மருத்துவரிடம் செல்லும் நாளையும் தள்ளிப்போடுவார். ஆகவே இக்கூற்று உண்மைதானா என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

உடலில் எந்த அணுவும் தனித்து வாழ்வதில்லை. ஒவ்வொன்றும் சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து அண்டை அணுக்களோடு செய்தி பரிமாறிக்கொள்கின்றது. பெருகுக, நிற்க, மடிக என்னும் கட்டளைகள் இவ்வாறே செல்கின்றன. மரபுப் பொருளில் பிழைகள் சேர்ந்து புற்றணுவாக மாறியதும் இதே மொழியையே பேசுகின்றது. இரத்தக் குழாய்களைத் தன்பால் வளரச் செய்து உணவு பெறுகின்றது. காயத்தை மூட நார் நெய்யும் அணுக்களை ஏவித் தன்னைச் சுற்றி அரண் அமைக்கின்றது. காவல் புரியும் வெள்ளணுக்களுட் சிலவற்றை அடங்கியிருக்கச் செய்கின்றது. அண்டைத் திசுவும் விடையளிக்கின்றது. அவ்விடை ஒருகால் நோயை அடக்கும், ஒருகால் வளர்க்கும். புற்று பரவுதலை விதைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவாக 1889இல் ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜட் விளக்கினார். விதை எங்குச் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்பது அவர் கருத்து.

இந்நிலத்தைக் கருதிச் செய்யப்பெற்ற ஆய்வொன்று நம் நகரிலேயே பிறந்தது. 1941இல் பரேலில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர் இராஜேந்திர பட்வே தலைமையில், நாட்டின் 11 மருத்துவ நிலையங்களில், தொடக்கநிலை மார்பகப் புற்றுடைய 1,600 பெண்கள் 2011 முதல் இதிற் சேர்க்கப்பெற்றனர். ஒரு சாராருக்கு, அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்னர், கட்டியைச் சூழ்ந்த திசுவில் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்து செலுத்தப்பெற்றது. 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் இவர்களுள் 90.1 விழுக்காடு, மருந்து பெறாதாருள் 86.4 விழுக்காடு. கத்தி படுங்கால் புற்றணுக்கள் கிளர்ந்து இடம்பெயர்வதை இம்மருந்து தடுக்கின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். சூழலைத் திருத்தியதால் உயிர்கள் பிழைத்தன என்பதே நாம் கொள்ளத்தக்கது.

சம்யுத்த நிகாயத்தில் சிவகன் என்னும் துறவி, இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையாலேயே வருவனவோ என வினவுகின்றான். பகவர் பித்தம், சளி, வாதம், பருவ மாற்றம் முதலிய காரணங்களை எடுத்துரைத்து, எல்லாவற்றையும் முன்வினையில் ஏற்றுவோர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்கிறார். பிறப்பைக் காட்டி மனிதரைத் தாழ்த்தியதும் இந்த முன்வினைக் கூற்றே என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் ஒருவருக்கும் பொறுப்பில்லையோ எனின், அன்று. பழி வேறு, பொறுப்பு வேறு. பழி கடந்ததை நோக்கிச் சுடும். பொறுப்பு வருவதை நோக்கிச் செயற்படும். புகையிலையை மெல்பவர் அதனை விடுதல் அவர் பொறுப்பு. அதனைச் சிறுவர் கைக்கு எட்டாமற் செய்தல் தெருவின் பொறுப்பு. வாயில் ஆறாப் புண்ணோ மார்பிற் கட்டியோ கண்டவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வீட்டாரின் பொறுப்பு.

அன்பர்களே! நோயுற்றவருக்கு நாமும் ஒரு சூழலே. நம் சொல் அவரை ஒளிந்துகொள்ளச் செய்வதாக இருத்தலாகாது. எழுந்து சிகிச்சைக்குச் செல்லச் செய்வதாக இருத்தல் வேண்டும்.